மண்ணே இல்லாத தொட்டியில் மண் வாடை

மதியக் கூட்டம் குறைந்த பிறகு வரச் சொல்லியிருந்தார் அம்மாபேட்டை மெஸ் அம்மா. அன்று காலையில்தான் 12 கிலோ ஜிலேபி மீன் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். பணம் கொடுக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போனேன். எவர்சில்வர் தட்டில் வறுத்த துண்டு ஒன்றை வைத்து என் பக்கம் நகர்த்தினார். "சாப்புட்டுப் பாரு தம்பி." முதல் வாயில் மிளகாய்த்தூளும் உப்பும் எண்ணெயும்தான் தெரிந்தன. நல்ல மொறுமொறுப்பு. மென்று விழுங்கும் நேரத்தில் தொண்டைக்கும் மூக்குக்கும் நடுவில் என்னவோ எழும்பி வந்தது. தோல் சீவாத பீட்ரூட்டைக் கடித்த மாதிரி, ரொம்ப நாள் மூடிக் கிடந்த மண்பானைக்குள் முகத்தை விட்ட மாதிரி. தண்ணீர் குடித்துப் பார்த்தேன், போகவில்லை. "கெட்ட மீனுன்னு சொல்லல. காலையில துள்ளுச்சு, நானேதான் அரிஞ்சேன். ஆனா மண்ணு வாடை அடிக்குது. கொழம்புல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. வறுவலைத்தான் நாலு பேரு கடிச்சுட்டு ஓரமா வெச்சுட்டுப் போயிட்டாங்க."

என் செல்போனில் அன்று காலை எங்கள் மீன் தொட்டிகளில் எடுத்த தண்ணீர்க் கணக்கு இருந்தது. அமோனியா, நைட்ரைட், பி.எச்., ஆக்சிஜன் எல்லாமே இருக்க வேண்டிய அளவில். கொஞ்சம் பெருமையாகவே நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். "எல்லாஞ் சரி. அப்ப மீனு எங்க போயி மண்ணைத் தின்னுச்சு?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் தொட்டிகளில் மண்ணே கிடையாது. கம்பி வலையை வட்டமாக நிறுத்தி, உள்ளே கனத்த தார்ப்பாய் கட்டிய தொட்டிகள். அடியில் கை வைத்துத் தடவினால் ஒரு பொடி மணல் ஒட்டாது. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவன், மூன்று மாதம் அதையே மென்றுகொண்டிருந்தேன்.

மீட்டர்காரன்

நான் மீன்காரன் இல்லை. சேலம் குகைப் பகுதியில் சின்னதாக ஒரு கடை. ஆர்.ஓ., சாஃப்ட்னர், மணல் ஃபில்டர் மாட்டிக் கொடுத்து சர்வீஸ் பார்க்கிறேன். சேலத்துப் போர் தண்ணீர்தான் எனக்குப் படியளக்கிறது. வாளி விளிம்பில் வெள்ளைப் படலம், கீசர் காயிலில் சுண்ணாம்புக் கட்டி, எத்தனை போட்டாலும் நுரைக்காத சோப்பு. ஒரு வீட்டுக்குள் போனதும் டம்ளர் தண்ணீரில், கரைந்த உப்பை எண்ணாகக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை விடுவேன். எண் ஏறுவதைப் பார்க்கப் பார்க்க வீட்டுக்காரர் முகம் மாறும், பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும். இத்தனை வருடத்தில் தண்ணீர் என்றால் எனக்கு எண் என்று ஆகிவிட்டது. அதை முகர்ந்து பார்த்த ஞாபகமே இல்லை.

மீன் பண்ணை எங்கள் அக்காவுடையது. குப்பனூர் போகும் வழியில், சேர்வராயன் மலை எதிரே நிற்கும் இடத்தில், மாமாவுக்குத் தென்னையும் குச்சிக்கிழங்கும் கொஞ்சம் உண்டு. 2020இல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மறுசுழற்சி மீன் வளர்ப்புக்கு மானியம் உண்டு என்று மாமா தெரிந்துகொண்டு வந்தார். 30 கன மீட்டர் தொட்டி 6 வைத்தால் திட்ட மதிப்பு 25 லட்சம். ஆண் பெயரில், பொதுப் பிரிவில் 40 சதவீதம் மானியம், பெண் பெயரில் 60. அப்படித்தான் எங்கள் அக்கா ஒரே நாளில் மீன் பண்ணை முதலாளி ஆனாள். மாமா இன்றுவரை அவளை "மொதலாளியம்மா" என்றுதான் கூப்பிடுகிறார், பாதி விளையாட்டு, பாதி வயிற்றெரிச்சல். தண்ணீர் வேலை முழுக்க என் தலையில். "நீதான மாப்ள ஃபில்டர் டாக்டரு" என்று மாமா சொல்லிவிட்டார். நானும் மீனை மறந்துவிட்டு, இது இன்னொரு பெரிய ஆர்.ஓ. பிளான்ட் என்ற நினைப்பில் இறங்கினேன்.

எப்படி ஓடும் என்பதை நீட்டாமல் சொல்கிறேன். நல்ல புரதத் தீவனம் ஒரு கிலோ போட்டால் மீன் வழியாக ஏறத்தாழ 30 கிராம் அமோனியா தண்ணீரில் கலக்கும். அது மீனுக்கு விஷம். மலத்தையும் மிச்சத் தீவனத்தையும் சல்லடை உருளை வடிக்கும். மிச்சத் தண்ணீர் அடுத்த தொட்டிக்குப் போகும். அங்கே சின்னச் சின்ன பிளாஸ்டிக் சக்கரங்கள் ஆயிரக்கணக்கில் மிதந்து சுழலும். ஒவ்வொரு சக்கரத்தின் இடுக்கிலும் பழுப்பு வழவழப்பாய்ப் படிந்திருக்கும் கிருமிகள், அமோனியாவை நைட்ரைட்டாக்கி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். அந்தத் தண்ணீர் திரும்ப மீன் தொட்டிக்கே வரும். இந்தக் கிருமிகள் குடியேறி நிலைக்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீனைப் பட்டினிக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்க வேண்டும். இந்தக் கிருமிகள் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே இருக்கும். நிறைய ஊர்களில் ஒரு கிலோ தீவனத்துக்குக் கால் கிலோ வரை சமையல் சோடா கொட்டுகிறார்கள். எங்களுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை. ஊரே திட்டும் சேலத்துத் தண்ணீரை வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் பாராட்டினார் என்றால், அது மீன்தான்.

முதல் ஈட்டில் போட்டது கிஃப்ட் என்ற மேம்படுத்திய ரகத் திலேப்பியா. தமிழ்நாட்டில் இதற்கு ஜிலேபி என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது, வியாபாரத்துக்கு நல்ல பெயர். கரண்ட் போய் அரை மணி நேரத்தில் தொட்டி மொத்தமும் மிதந்துவிடும் என்பதால் ஜெனரேட்டர் பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுத்த கதையெல்லாம் தனியாக எழுத வேண்டும். ஏழு மாதத்தில் மீன் அரைக் கிலோ தாண்டியது. சாவு மிகக் குறைவு. எண்கள் எல்லாம் பச்சை. அப்போதுதான் அந்த எவர்சில்வர் தட்டு வந்தது.

ஒரு அரிசியில் பத்தில் ஒரு பங்கு

நான் முதலில் மெஸ் அம்மாவைச் சந்தேகப்பட்டேன். பிறகு மசாலாவை. பிறகு தீவனத்தை. அக்காவிடம் ஒரு மீனைக் கொடுத்துக் குழம்பு வைக்கச் சொன்னேன், அருமையாக இருந்தது. மாமா இரண்டு முறை போட்டுக்கொண்டார். அன்றைக்கு மெஸ் அம்மா விலை குறைக்கத்தான் இப்படிச் சொல்கிறார் என்று மூவரும் ஒருமனதாக முடிவு கட்டினோம். மாமாவின் மூக்குக்கு எப்படித் தெரியும்? அவர் ஏழு மாதமாக அந்தக் கொட்டகைக்குள்ளேயே கிடக்கிறார். சாக்கடை ஓரம் குடியிருப்பவருக்குச் சாக்கடை நாற்றம் தெரியாது.

குழம்பில் ஏன் தெரியவில்லை என்ற இடத்திலிருந்துதான் நூல் பிடித்தேன். மண் வாடைக்குக் காரணமான பொருளுக்கு ஜியோஸ்மின் என்று பெயர். கெர்பர், லெசெவலியர் என்ற இருவர் 1965இல் பிரித்தெடுத்து வைத்த பெயர். கிரேக்கத்தில் ஜியோ என்றால் மண், ஆஸ்மே என்றால் வாசனை. கூடவே எம்.ஐ.பி. என்று சுருக்கமாகச் சொல்லும் இன்னொன்று உண்டு, அது பூஞ்சணமும் கற்பூரமும் கலந்த வாடை. ஜியோஸ்மின் புளிப்பில் உடைந்து வாசனை இல்லாத வேறு பொருளாக மாறிவிடும். குழம்பில் புளி. மீன் கழுவும்போது மோரோ, எலுமிச்சையோ, புளித் தண்ணீரோ விட்டு அலசும் பழக்கம் நம் வீடுகளில் சும்மா வந்ததில்லை. அதற்கு மேல் மல்லித்தூளும் பூண்டும் சேர்ந்தால் மூக்கு எதைத் தேடும்? வறுவலில் இந்தத் திரை எதுவும் இல்லை. மெஸ் அம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

அளவைப் படித்தபோதுதான் என் மீட்டர் கர்வம் முதல் அடி வாங்கியது. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 நானோகிராம் ஜியோஸ்மின் இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும், சிலருக்கு அதற்கும் குறைவே போதும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் 6 தொட்டியிலும் சேர்த்து 1,80,000 லிட்டர். அத்தனை தண்ணீரையும் மண்ணாய் மணக்க வைக்க மொத்தமாக 2 மில்லிகிராம்கூட வேண்டியதில்லை. ஒரு அரிசியைப் பத்து நொய்யாக உடைத்தால், அதில் ஒன்று. என் டி.டி.எஸ். மீட்டர் காட்டும் மிகச் சின்ன எண் லிட்டருக்கு 1 மில்லிகிராம். அந்த ஒற்றை எண்ணுக்குள் இந்த வாடை லட்சம் முறை ஒளிந்துகொள்ளலாம். ஆய்வகத்தில் பெரிய கருவி வைத்துக் கண்டுபிடிக்கலாம், ஆனால் அதற்காகும் செலவுக்கு மீனையே தூக்கிக் கொடுத்துவிடலாம்.

மீன் இதை வாயால் தின்பதைவிட செவுளால்தான் அதிகம் இழுக்கிறது. மூச்சு விடும்போதே ரத்தத்தில் சேர்ந்து கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏறுவதற்குச் சில மணி நேரம் போதும், இறங்க நாள்கணக்கு, சில சமயம் வாரக்கணக்கு. கொழுத்த மீனில் இன்னும் மெதுவாக. உடம்புக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை என்பது மட்டும்தான் ஆறுதல். ஆனால் "சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி எந்த ஊரில் மீன் விற்க முடியும்?

இதைத் தயாரிப்பவை யார் என்று தேடினால் நீலப்பச்சைப் பாசிகள் சில, ஆக்டினோமைசீட்ஸ் வகைக் கிருமிகள் பல. ஸ்ட்ரெப்டோமைசிஸ் அதில் பெரிய குடும்பம், காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் தந்த அதே குடும்பம். திறந்த நீர்நிலைகளில் பெரும்பாலும் பாசிதான் குற்றவாளி. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் பச்சையாகத் திரண்டு, கரையோர ஊர்க்காரர்கள் நாற்றம் தாங்காமல் புகார் செய்த செய்திகள் நமக்குப் பழக்கம்தான். எங்கள் கொட்டகைக்குள் வெயிலே கிடையாது, பாசிக்கு வேலை இல்லை. அப்படியென்றால் மிச்சம் இருப்பது இருட்டிலும் வளரும் கிருமிகள். அவை எங்கே இருக்கும்? கழிவும் காற்றும் சேர்ந்து கிடைக்கிற இடத்தில். மலம் தங்கும் குழாய் வளைவில், சல்லடையின் பின்பக்கம், முக்கியமாக அந்தப் பிளாஸ்டிக் சக்கரங்களின் இடுக்கில். மீனை உயிரோடு வைத்திருக்கும் வழவழப்புதான் மீனை நாற வைக்கிறது. குளோரின் விட்டுக் கொல்லலாம், கூடவே அமோனியா தின்னும் கிருமிகளும் சாகும், மறுநாள் மீனும் சாகும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

மூன்று பட்டினி

இதற்கு உலகம் முழுக்கப் பண்ணைகள் செய்யும் வைத்தியம் ஒன்றுதான். விற்பதற்கு முன் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, தீவனத்தை நிறுத்தி, சுத்தத் தண்ணீரில் சில நாள் விட்டுவிடுவது. வாடை செவுள் வழியாகவே வெளியேறும். பண்ணைக்காரர்கள் இதைப் பர்ஜிங் என்கிறார்கள். அக்கா "பத்தியம்" என்று பெயர் வைத்தாள், எங்களுக்குள் அதுவே நின்றுவிட்டது.

முதல் பத்தியத்தில் என் தொழில் புத்தி குறுக்கே வந்தது. வாடை போக வேண்டுமா, ஆக்டிவேட்டட் கார்பன் போடு. குளோரின் வாடைக்கு வீடு வீடாக நான் மாட்டுவது அதைத்தானே? கடையிலிருந்து பெரிய உருளை ஒன்றைக் கொண்டு வந்து, பத்தியத் தொட்டியின் தண்ணீரை அதன் வழியாகவே சுற்றவிட்டேன். மேலே ஒரு யு.வி. விளக்கும். 5 நாள். ஒன்றும் அசையவில்லை. குழாய்த் தண்ணீரில் கார்பனுக்கு வேலை குறைவு. மீன் தண்ணீரோ வெந்நீரில் டீத்தூள் போட்டது போலப் பழுப்பு. அந்தக் கரைந்த கழிவெல்லாம் முந்திக்கொண்டு கார்பனின் துளைகளில் இடம் பிடித்துவிட்டது, பேருந்தில் துண்டு போட்ட மாதிரி. ஜியோஸ்மினுக்கு நிற்கக்கூட இடமில்லை. யு.வி. விளக்கு அந்த அளவு வெளிச்சத்தில் கிருமியைக் கொல்லும், வாடையை உடைக்காது. உருளையைக் கழற்றிப் பார்த்தபோது கார்பன் மேலேயே வழவழப்பு பிடிக்க ஆரம்பித்திருந்தது. கிருமிக்கு இன்னொரு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன், அதுவும் என் சொந்தச் செலவில்.

இரண்டாவது பத்தியத்தில் சுற்றவிடவில்லை. போர் தண்ணீரை ஒரு பக்கம் விட்டு, மறுபக்கம் வெளியேற்றினோம். 7 நாள். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. மெஸ் அம்மா வீட்டுக்கே ஒரு மீன் கொண்டுபோனேன். வாயில் வைத்துவிட்டு, "பரவால்ல தம்பி, முன்னைக்கு இப்ப தேவல" என்றார். அவர் குரலில் இருந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. போர் தண்ணீரில்தான் வாடையோ என்று சந்தேகம் வந்து, அதைக் காய்ச்சி முகர்ந்தோம், குடித்தோம். ஒன்றுமில்லை. சுத்தமான தண்ணீர் உள்ளே போகிறது, ஒரு வாரமாகப் பட்டினி கிடக்கும் மீன் உள்ளே நிற்கிறது, வாடை எங்கிருந்து வருகிறது?

அன்று ராத்திரி தொட்டியைக் காலி செய்துவிட்டு, கழுவலாம் என்று பேன்ட்டை மடித்துக்கொண்டு உள்ளே இறங்கினேன். அது பழைய குஞ்சுத் தொட்டி. தண்ணீர் இருந்தபோது கண்ணாடி மாதிரி இருந்த சுவரில் கை வைத்ததும் வழுக்கியது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது, மெல்லிய பாகு மாதிரி ஒரு படலம் சுவர் முழுக்க. காற்று விடும் கல் ஒன்றை எடுத்தேன், அதன் அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் சளி. தண்ணீர் வரும் குழாயின் வாய்க்குள் சுட்டுவிரலை விட்டுச் சுழற்றினேன். உள்சுவரில் விரல் பதிந்து, வெண்டைக்காய்க் கொழகொழப்பு மாதிரி ஒரு நூல் நீண்டு அறுந்தது. எதற்கென்று தெரியாமலே அந்த விரலை மூக்கருகே கொண்டுபோனேன்.

மழை. ஏற்காட்டுக்கு அடிவாரத்திலிருந்து பைக்கில் ஏறும்போது, பத்தாவது பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவில், கோடை மழை முதல் தூறல் போடுமே, காப்பிச் செடிக்கடியில் இருந்து ஒரு மூச்சு கிளம்புமே, அதே வாசனை. அதை முகர்வதற்காகவே வண்டியை ஓரம் கட்டியிருக்கிறேன். என் விரல் நுனியில் அது அப்படியே இருந்தது, சுத்தமாக, கூர்மையாக. எனக்குப் பிடித்தும் இருந்தது. தொட்டிக்குள் ஈரக்காலோடு உட்கார்ந்து இன்னொரு முறை முகர்ந்தேன். மாமா மேலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன மாப்ள, வெரலை மோந்துட்டு உக்காந்திருக்க?" என்றார். என்ன சொல்வது?

மழை வாசனைக்கு 1964இல் ஆஸ்திரேலியாவின் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். காய்ந்த நிலத்திலிருந்து எழும் அந்த மணத்தில் ஜியோஸ்மினுக்குப் பெரிய பங்கு. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் சுட்ட மண்ணிலிருந்து அதை வடித்து அத்தராகவே விற்கிறார்கள். நமக்கு மண்வாசனை என்றால் சொந்த ஊர், பாட்டி வீடு, சினிமாவில் கிராமம். அதையே மீனில் கண்டால் "வாடை" என்கிறோம். ஒரே பொருள், ஒரே மூக்கு. இதை என்னால் இன்னமும் சமாதானமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. யாருக்கும் கெடுதல் செய்யாத, எல்லோருக்கும் பிடித்த வாசனை, ஒரு குடும்பத்தின் ஏழு மாத உழைப்பை ஓரமாகத் தள்ளி வைக்க வைக்கிறது.

எது எப்படியோ, கோளாறு எங்கே என்று விரல் சொல்லிவிட்டது. மீன் வாடையை வெளியே விட விட, தொட்டிச் சுவர் புதிதாகத் தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, மீன் விடும் முன் பத்தியத் தொட்டியை ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டுச் சுத்தம் செய்யச் சொல்லி எழுதியிருப்பதைப் பிறகு படித்தேன். படித்துவிட்டு விரலை விட்டிருக்கலாம், ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். மூன்றாவது தடவை தொட்டியைத் தேய்த்து, பெராக்சைடு கரைசல் நிரப்பி, வடித்து, அலசி, இரண்டு நாள் வெயிலில் காய விட்டோம். பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடுவதால் மிச்சம் நிற்காது. குழாயும் காற்றுக் கல்லும் புதுசு. பிளாஸ்டிக் சக்கரம் ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது என்று அக்கா உத்தரவு. காற்றை மட்டும் பலமாக விட்டோம்.

இட்லித் தட்டு

மூன்றாவது பத்தியம் முடிந்ததா என்று எதை வைத்துச் சொல்வது? அமெரிக்காவில் மிசிசிப்பிப் பக்கம் கெளுத்தி மீன் ஆலைகளில் இதற்கென்றே ருசி பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். குளத்திலிருந்து ஒரு மீன் எடுத்து, வால் பக்கத் துண்டை உப்பு, மசாலா எதுவும் இல்லாமல் மைக்ரோவேவில் வேகவைத்து முகர்ந்து, கடித்துப் பார்ப்பார்கள். அவர்கள் சரி என்று சொல்லாமல் அந்தக் குளத்து மீனை ஆலை வாங்காது. எங்களிடம் மைக்ரோவேவ் இல்லை, இட்லிச் சட்டி இருந்தது. அக்கா வீட்டு இட்லித் தட்டில் கை வைக்க விடவில்லை, எனவே மீனுக்கென்று தனிச் சட்டி வாங்கினோம். மூடி போட்டு ஆறு நிமிடம் அவித்து, மூடியைத் திறந்த அந்த முதல் ஆவியில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு நொடி தாமதித்தால் போய்விடும். மாமாவுக்கு இந்த வேலை கொடுப்பதில்லை. ஜலதோஷம் பிடித்தவர், அப்போதுதான் பீடி குடித்தவர், கொட்டகையில் வேலை செய்பவர் யாருக்கும் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் குச்சிக்கிழங்கு பிடுங்க வரும் ஒரு பெண்ணின் மூக்குதான் எங்கள் ஆய்வகம். ஏழாம் நாள் அவர், "இன்னும் லேசா இருக்குங்க" என்றார். எட்டாம் நாளும் அதே. பத்தாம் நாள் மூடியைத் திறந்துவிட்டு, சட்டியை இன்னும் கொஞ்சம் முகத்தருகே இழுத்தார். "மீனு வாசந்தானுங்க வருது."

இதன் விலையையும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்வதில்லை. 200 கிலோ மீன் பத்தியத்துக்குள் போனது, 10 நாள் பட்டினிக்குப் பிறகு 188 கிலோ வந்தது. அந்தப் 10,000 லிட்டர் தொட்டிக்கு ஒரு நாளைக்கு இரண்டு தொட்டித் தண்ணீர் மாற்றினோம். 10 நாளில் 2,00,000 லிட்டர். பண்ணையின் 6 தொட்டியும் கொள்ளும் தண்ணீரைவிட அதிகம், ஒரே ஒரு விற்பனைக்கு. மறுசுழற்சிப் பண்ணை விற்க வருபவர்கள் "சொட்டுத் தண்ணி வீணாகாதுங்க" என்பார்கள், நானும் ஆர்வத்தில் நாலு பேரிடம் அப்படியே சொல்லியிருக்கிறேன். மாமாவின் தென்னையும் குச்சிக்கிழங்கும் இருப்பதால் எங்கள் தண்ணீர் வீணாகவில்லை. தோட்டம் இல்லாமல், வாடகை ஷெட்டில், லாரித் தண்ணீர் வாங்கி நடத்துகிறவர் எங்கே விடுவார்? சித்திரையில் எங்கள் போரே கால் மணி ஓடி அரை மணி மூச்சு வாங்குகிறது. மானியத் திட்ட அறிக்கை தயாரிக்கிற யாராவது இதைப் படித்தால், தொட்டி 6 என்று எழுதும் இடத்தில் 7 என்று எழுதுங்கள், ஏழாவது பத்தியத்துக்கு. கூடவே அதற்கான தண்ணீர்க் கணக்கையும்.

பத்தாம் நாள் சாயங்காலம் மெஸ் அம்மாவே பண்ணைக்கு வந்துவிட்டார், மகன் ஸ்கூட்டரில் உட்கார்ந்து. குளித்து விபூதி வைத்திருந்தார். தொட்டிகளை ஒரு சுற்று பார்த்தார், பிளாஸ்டிக் சக்கரங்கள் சுழல்வதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். "இத்தனை மிசினா, ஒரு மீனுக்கு?" அக்கா அவித்த வால் துண்டை வாழை இலைத் துணுக்கில் வைத்துக் கொடுத்தாள். முகர்ந்தார். உப்பில்லாததை முகம் சுளிக்காமல் மென்றார். இன்னொரு துண்டு கேட்டார். இரண்டாவதை எலும்போடு சப்பிவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து, வாரம் 20 கிலோ எடுத்துக்கொள்கிறேன் என்றார். விலை பேசி முடித்தோம். நாங்கள் கேட்டதைவிடக் கிலோவுக்கு 10 ரூபாய் குறைத்தார், அதில் ஒரு தப்பும் இல்லை.

ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தவர் திரும்பி, "தம்பி, போர்டுல மேட்டூர் மீனுன்னே எழுதிக்கிறேன், சரியா? அப்பத்தான் சாப்புடுவாங்க" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். முதலாளியம்மா சிரித்துக்கொண்டே தராசைக் கழுவிக்கொண்டிருந்தாள்.